மீட்டர் யார் பேரில் இருக்கிறது?

(கம்பத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். கரண்ட் பில் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் கூட்டம் ஏற்பாடு செய்த தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்கணும். பரவாயில்லை. வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன் நான். கணக்கும் எனக்குத் தெரிந்த பாஷைதான்.

இங்கிருந்து குமுளி போகிற பஸ்ஸில் ஜன்னலோரமா உட்கார்ந்தால், லோயர் கேம்ப் பக்கம் மலைமேலிருந்து நாலு இரும்புக் குழாய்கள் இறங்கி வர்றதைப் பார்க்கலாம். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த குகை வழியாகக் கிழக்கே வந்து அந்தக் குழாய்களில் விழுகிறது. 1958 தொடங்கி அது மின்சாரமாகவும் ஆகிறது. நாலு எந்திரங்கள், ஆரம்பத்தில் மொத்தம் 140 மெகாவாட். அணையைக் கட்டின பென்னிகுயிக் பெயர் இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கும் தெரியும். காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்துப்போன கூலிகளில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா?

அந்த அணைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2000-இல் மின்கம்பியில் அடிபட்டு யானை ஒன்று இறந்ததால் அணைக்குப் போன இணைப்பைத் துண்டித்தார்கள். 2021-இல்தான் பூமிக்கடியில் வடம் போட்டு மறுபடி கொடுத்தார்கள். இருபது வருஷம், மின்சாரத்துக்குத் தண்ணீர் கொடுத்த அணை இருட்டில் கிடந்தது. சேரிக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மீட்டரே கிடையாது. குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் கொடுத்த திட்டம். ஒரே ஒரு குண்டு பல்பு, 40 வாட். அதன் கீழே அம்மா அரிசி புடைக்கும், நான் படிப்பேன், அய்யா மறுநாளைக்கு மண்வெட்டிக்குப் பிடி செதுக்குவார். மூன்று பேருக்கும் மூன்று நிழல் சுவரில். எங்கள் வீட்டில் கூட்டம் அதிகம் என்று நான் நம்பியது அந்த நிழல்களால்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். வேலை மாற்றலில் இந்தப் பக்கம் வந்தபோது வாடகைக்கு வீடு தேடினேன். "தம்பிக்கு எந்த ஊரு?" "அந்த ஊர்ல எந்தத் தெரு?" இரண்டாவது கேள்வியோடு பல வீடுகள் மூடிக்கொண்டன. கடைசியில் கிடைத்தது ஒரு லைன் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு குடித்தனம், நாலுக்கும் சேர்த்து மின்வாரியத்தின் ஒரே மீட்டர். அது வீட்டுக்காரர் பேரில். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அவரே மாட்டிய ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். ஏன் எட்டு என்று யாரும் கேட்டதில்லை. வாடகை மாதிரி அதுவும் ஒரு வாடகை.

பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு அக்கா. கம்பமெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போற ஜீப்பில் போகிறவர். விடியுமுன் ஜீப் வரும். அதுக்கு முன்னால் போன் வரும். "இன்னைக்கு எந்த எஸ்டேட், எத்தனை ஆள், எந்த முக்குல நிக்கணும்" எல்லாம் அந்தப் போனில்தான். போன் செத்துக் கிடந்தால் அன்றைய கூலியும் செத்தது. அக்காவுக்குச் சார்ஜ் போடுவது என்பது சோறு வடிப்பது மாதிரி ஒரு வேலை.

வீட்டுக்காரம்மாவுக்கு அதுதான் கண்ணில் படும். "ராத்திரி பூரா போனைச் சொருகி வச்சா பில்லு ஏறாம என்ன செய்யும்? உங்க வீட்டுப் புள்ளைகளுக்கு இப்ப எல்லாம் போனு கேக்குது" என்பார். 'உங்க வீட்டுப் புள்ளைக' என்பதில் ஒரு அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தம் உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்றைக்குக் கடையில் விற்கிற போனில் 5000 மில்லி ஆம்பியர் பேட்டரி. சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்து ஒரு தடவை நிரப்ப ஏறக்குறைய 25 வாட் மணி. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. ஆக, ஒரு யூனிட்டில் நாற்பது தடவை சார்ஜ் போடலாம். தினம் ஒரு தடவை என்றால் இரண்டு மாசத்துக்கு ஒன்றரை யூனிட். அவர் விலையிலேயே பன்னிரண்டு ரூபாய்.

பில்லை ஏற்றுவது கூரை. பகலில் அக்காவின் வயதான அம்மா அந்த ஆஸ்பெஸ்டாசுக்குக் கீழே படுத்திருக்கும். ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 67 யூனிட். டி.வி., பல்பு, மிக்ஸி எல்லாம் சேர்த்தால் குடித்தனத்துக்கு 110 யூனிட் ஆகும். ஏழைக்கு மின்சாரம் அதிகம் செலவாவது அவன் ஊதாரித்தனத்தால் இல்லை. வெயிலைத் தடுக்காத வீட்டில் அவன் இருப்பதால்.

இப்போதுதான் முக்கியமான கணக்கு. 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-இல் கட்டணம் ஏறியபோது 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 பைசா, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 பைசா, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் மாறும். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024 ஜூலையில் இந்த விலைகள் இன்னும் கொஞ்சம் ஏறின. நான் கணக்குப் போட்டது 2022 விலையில்.

நாலு குடித்தனம், ஆளுக்கு 110. மொத்தம் 440 யூனிட். வாரியத்துக்கு வீட்டுக்காரர் கட்டியது 1365 ரூபாய். எங்களிடம் வசூலித்தது 3520 ரூபாய். ஆளுக்கு 880. நாலு பேருக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஆளுக்கு எவ்வளவு தெரியுமா? நூறு போகப் பத்து யூனிட்டுக்கு 22 ரூபாய் 50 பைசா.

22 ரூபாய் 50 பைசா எங்கே, 880 ரூபாய் எங்கே! ஏழைக்குத் தருவதாகச் சொல்லும் சலுகை பத்திரம் உள்ளவன் வாசலில் நின்றுவிடுகிறது. திராட்சைத் தோட்டத்து பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் 1990-இல் எல்லா விவசாயிக்கும் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தலுக்குக் கீழே குனிந்து பழம் வெட்டுகிற நம் பெண்களுக்கு நிலம் ஏது, பம்ப்செட் ஏது?

கணக்கு கையில் இருந்தால் பேசாமல் இருக்க முடியுமா? நாலு குடித்தனத்துக்கும் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரரிடம் போய், தனி மீட்டருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். அன்று ராத்திரி எங்கள் இரண்டு குடித்தனத்துக்கும் பீசைப் பிடுங்கிவிட்டார். கொசு, புழுக்கம், கிழவி இருமல். அக்காவின் போன் எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. விடியக்காலை ஜீப் போயே போச்சு. மூன்று நாள் அப்படி. மூன்று நாள் கூலி.

அடுத்த மாசம் காலி பண்ணச் சொன்னார். வங்கிச் சம்பளக்காரன் நான், இரண்டு வாரத்தில் வேறு வீடு பிடித்துவிட்டேன். அக்காவுக்குக் கிடைக்கவில்லை. சாமான்களைத் தட்டுவண்டியில் ஏற்றும்போது அக்கா சொன்னது: "நீ போட்ட கணக்கு சரிதான் தம்பி. ஆனா கேக்குறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இதை உங்களிடம் மறைக்காமல் சொல்லணும் என்றுதான் வந்தேன். படித்தவன் கணக்கோடு முன்னால் போய் நிற்கிறான். அடி விழுவது பின்னால் நிற்கிறவர்மேல். இயக்கத்தில் இது எத்தனை தடவை நடந்திருக்கு என்று நமக்குள் பேசிக்கொள்வதே இல்லை.

பிடுங்கப்பட்டது பீஸ் மட்டுமில்லை. நம் வீட்டில் ஒரு பொருள் ஓடுவது அவர்கள் கண்ணை உறுத்துகிறது. 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ் என்னத்தை உடைத்தது? டி.வி.யை, மின்விசிறியை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வைத்த தீயில் எரிந்ததும் வீடு மட்டுமில்லை, சிறுகச் சிறுகச் சேர்த்த சாமான்களும்தான். "உங்க வீட்டுப் புள்ளைகளுக்கு போனு கேக்குது" என்ற வீட்டுக்காரம்மாவின் பேச்சு அதே பாதையின் ஆரம்பத்தில் நிற்கிறது.

பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார் என்று நமக்குத் தெரியும். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்ததை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1943 அக்டோபர் 25-இல் மின்சார வளர்ச்சி பற்றிய குழுவில் தலைமை உரை ஆற்றினார். மின்சாரம் தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கணும், அதற்கு அது யார் கையில் இருக்கணும் என்பதுதான் அவர் முன்வைத்த பிரச்சனை. மறு வருஷம் மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது. யார் கையில் என்று அவர் கேட்டது நாட்டைப் பற்றி. லைன் வீட்டு வாசலில் நின்று நாம் அதையே கேட்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003-ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமில்லை, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு தரணும் என்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாவிட்டால் உறுதிப் பத்திரமும் இரண்டு மடங்கு வைப்புத்தொகையும் கேட்பார்கள், சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம்தான் ஆதாரம். லைன் வீட்டில் எவன் ஒப்பந்தம் எழுதித் தருகிறான்? கதவும் இருக்கு, பூட்டும் இருக்கு. இன்னொன்று: பணம் கட்டாதவருக்கு வாரியமே இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் 15 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கணும், 56-ஆவது பிரிவு. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

வங்கியில் நாங்கள் முகவரிக்குச் சான்றாகக் கரண்ட் பில்லை வாங்குகிறோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன், "உங்க பேர்ல பில் இருக்கா?" என்று. ஆதாரில் பழைய ஊர், இருப்பது வேறு தெரு, பில் வேறொருத்தர் பேரில். அந்தத் தெருவில் பத்து வருஷமாக இருந்தாலும் காகிதத்தில் அவர் அங்கே இல்லை.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் லைன் வீடுகளுக்கு ஒரு நோட்டோடு போங்கள். சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, போன தடவை கொடுத்தது எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடுங்கள். நூறு வீடு சேர்ந்தால் மனுவாகக் கொண்டுபோகலாம். அப்போது எந்த ஒரு வீட்டின் பெயரும் தனியாக வெளியே தெரியாது. என்னைப் போல ஒற்றை ஆளாகப் போய் நிற்காதீர்கள்.

அக்காவைப் போன மாசம் பார்த்தேன். இப்போது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஒரு பல்பு, ஒரு ஃபேன். பிளக் போட இடம் இல்லை. "போனுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் சார்ஜ் போட ஒரு ஓட்டை இருக்காம். ஏறுகிறவர்கள் பதினைந்து பேர். கம்பமெட்டு ஏறி முடிப்பதற்குள் யார் போனை முதலில் சொருகுவது என்று தினமும் சண்டையாம். சொல்லிவிட்டு அக்கா சிரிச்சுது.