கார் சார்ஜரில் போட்டிருக்கும் 42 வாட் யாருக்கு?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

ஜெனரேட்டர் டீசல் கணக்கு முடிந்ததும் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எலக்ட்ரிகல் ஆள் இல்லை, பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் கணக்கு எழுதியவன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் அறையில் தண்ணீர். நல்லவேளை, என் கார் மேட்டில் நின்றது. அதில் மூன்று போன்களைச் செருகினோம். ஒன்று மூன்றாவது மாடி மாமியுடையது. அவர் மகள் பிரசவத்துக்கு அட்மிட் ஆகியிருந்தாள். 2 சதவீதத்தில் இருந்த போன் ஒரு மணி நேரத்தில் 12-க்குத்தான் வந்தது. சார்ஜர் டப்பாவில் கொட்டை எழுத்தில் 42 வாட்! ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஏமாற்று இல்லை, நான்தான் படிக்கவில்லை. பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது: டைப்-சி போர்ட் 30 வாட்; மூன்று பழைய யூஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்து 5 வோல்ட், 2.4 ஆம்ப்ஸ். வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட். ஆக 12 வாட், மூன்று போனுக்குப் பிரித்தால் ஆளுக்கு 4. பாங்க் பாஷையில் 42 என்பது மொத்த லிமிட், போர்ட்டுக்குப் போர்ட் சப்-லிமிட். மொத்தத்தைப் பார்த்து செக் எழுதினால் செக் திரும்பும்.

எங்களிடம் டைப்-சி போர்ட்டுக்கு ஏற்ற கேபிள் இல்லாததால் 30 வாட் சும்மா கிடந்தது. இரண்டாவது மாடிப் பையன் ஒன்று கொண்டுவந்தான். அந்த போர்ட் போனோடு பேசி 5 வோல்ட்டை 9 ஆக்கிக்கொள்ளும். போனும் அதை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. அரை மணியில் 40 சதவீதம் தாண்டியது. மாமி மகளோடு பேசினார்.

சில சார்ஜர்களில் டைப்-சியும் பங்கு போடும். தனியாக 65 வாட் கொடுப்பது, பக்கத்து போர்ட்டில் இன்னொன்றைச் செருகியதும் 45 ஆகிவிடும். அப்போது முதல் போனில் சார்ஜ் ஒரு நொடி நின்று தொடங்கினால் பதறாதீர்கள், பங்கு பிரிக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப் போடுகிறவர்கள் மட்டும் இதைக் கவனித்து வாங்குங்கள்.

இன்னொன்று. கீழ்த்தள பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் போடவே கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்ஜின் போடாமலே நாலைந்து போன் ஏற்ற நல்ல நிலையில் உள்ள பேட்டரி தாங்கும்.

ஞாயிறு காலை சங்க அறையில் இருப்பேன். உங்கள் சார்ஜரைக் கொண்டுவாருங்கள். பொடி எழுத்து படிக்க லென்ஸ் என்னிடம் இருக்கிறது.