எடைக்கு வந்த பொக்கிஷம்

அறந்தாங்கியில் பழைய பேப்பர் கடைப் பக்கம் போனால், தராசுக்குக் கீழே கிடக்கும் கட்டையும் கொஞ்சம் பாருங்கள். பழைய அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் ஏதாவது கண்ணில் படலாம்.

பெரியவர்களின் புத்தகம் அலமாரியில் தப்பித்துவிடும். பிள்ளைகளின் புத்தகமோ கிழியக் கிழியப் படிக்கப்படும், பிறகு பொட்டலமாகிவிடும். தாளும் மட்டமான தாள். அதனால்தான் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் முதல் இதழ்களுக்கு இன்று அவ்வளவு கிராக்கி.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பிள்ளைகளின் புத்தகத்தில் தனி உரிமையே உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது இராயவரத்தில். அவருடைய 'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தது. அதன் முதல் பதிப்பு உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம், யார் கண்டது!

கிடைத்தால் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள்; பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். பூச்சிக்கு வசம்பு வைக்கலாம். வைக்க இடமில்லையா? புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி வளர்த்த ஞானாலயா நூலகம் இருக்கிறது. முதல் பதிப்புகளுக்குப் பேர்போன இடம். அங்கே கேட்டுப் பாருங்கள்.

பழைய பேப்பர் கடையில் ஒருவர் கடைக்காரரிடம் ஒரு புத்தகத்தைக் காட்டி, "என்ன விலை?" என்றார்.

"கிலோ பதினைந்து ரூபாய்."

"ஐயா, இது ரொம்ப அபூர்வமான புத்தகம்!"

"அப்படியா? அப்போ கிலோ முப்பது!"

பேரம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் இன்றைய தகவல்!