கூடி ஆடுதலும் வேடம் பூணுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் உதைபந்தாட்டத்தைப் பற்றியோ கிரிக்கெற்றைப் பற்றியோ பேசுவதே இச்சபையின் வழக்கம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணினியில் ஆடப்படும் விளையாட்டுக்களுள், பலர் ஒன்றுகூடி அணியாக நின்று ஆடுவனவும், ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு கதைக்குள் நுழைந்து ஆடுவனவும் ஆகிய இருவகையையும் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். இவற்றைக் கேள்வியறிவு கொண்டு நாம் பேசவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் நாமே ஆடிப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு பேசுகின்றோம்.

இவ்விளையாட்டுக்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உள்ளன. “பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ கத்துகிறான், படிப்புக் கெடுகிறது, கண்ணும் கெடுகிறது” என்பது பெரியோர் கட்சி. “எங்கள் மனம் இவர்களுக்கு விளங்காது” என்பது இளைஞர் கட்சி. இரு கட்சியாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். ஆயினும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் இருந்து பேசுவது அரிது. அந்தப் பேச்சைத் தொடக்கி வைப்பதே எமது நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வேடம் பூண்டு ஆடும் விளையாட்டு கணினியிற் பிறந்ததன்று. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ நின்று, தாயக்கட்டையை உருட்டித் தம் செயலின் பயனை அறிவர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் வளர்த்த ‘மட்’ என்னும் ஆட்டத்திற் படமே இல்லை, எழுத்து மாத்திரமே. எனினும் பலர் ஒரே வேளையில் ஒரே உலகத்தில் உலாவ அது வழி செய்தது. அந்த விதையே 2004இல் ‘வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்’ என்னும் பெருமரமாயிற்று. அக்காலத்தில் அதன் பெரும் போர்களுக்கு நாற்பது பேர் ஒன்றாகச் செல்லவேண்டியிருந்தது. நாற்பது பேரை ஒரே நேரத்துக்கு ஒரு கூட்டத்துக்கு அழைப்பது எத்துணைக் கடினம் என்பதை எமது சங்கச் செயலாளரைக் கேட்டால் தெரியும்!

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். ‘ஓவர்வாட்ச்’ என்னும் ஆட்டம் 2016இல் வெளிவந்தபோது அணிக்கு அறுவர். 2022இல் ஐவராகக் குறைக்கப்பட்டனர். முன்னே நின்று அடியைத் தாங்குபவர் ஒருவர், தாக்குபவர் இருவர், பின்னே நின்று காயம் ஆற்றுபவர் இருவர் என்பது அவ்வைவரின் வகுப்பு. நாம் பெரும்பாலும் காயம் ஆற்றும் பணியையே ஏற்றோம். பலரும் விரும்பாத பணி அது. தாக்குபவர் வீழ்த்திய பகைவரின் தொகை உடனே அட்டவணையில் ஏறும். ஆற்றுபவர் எத்தனை புள்ளி ஆற்றினார் என்பதும் ஏறும். ஆனால், உரிய கணத்தில் உரிய இடத்தில் அவர் நின்றதனால் நிகழாமற்போன மரணங்கள் எத்தனை? அந்தக் கணக்கை எந்த அட்டவணையும் முழுமையாகக் காட்டாது.

அதுபோலவே தனியே பாய்பவரையும் கண்டோம். ஓர் ஆட்டத்தில் எமது அணியிலிருந்த ஒருவர், மிக்க திறமையுடையவர், துணை வருமுன் தாம் மாத்திரம் பகைவர் நடுவே பாய்ந்தார், வீழ்ந்தார், மீண்டும் பாய்ந்தார், மீண்டும் வீழ்ந்தார். வீழ்ந்த ஒவ்வொரு முறையும் ஏனைய நால்வரையும் தகாத வார்த்தைகளால் ஏசினார். அப்பொழுது முன்னே நின்று தாங்குபவர், “பத்துச் செக்கன் பொறுங்கள், ஐவரும் சேர்ந்து போவோம்” என்று மாத்திரம் சொன்னார். ஏச்சுக்கு மறுமொழி சொல்லவில்லை. அடுத்த முறை ஐவரும் சேர்ந்தே சென்றோம். அந்தச் சுற்று எம்முடையதாயிற்று. ஏசியவரின் திறமை அதற்கு முன்னும் அதே திறமைதான். அதற்குப் பயன் உண்டானது கூடியபின்னரே. தேர்வடத்தை ஒருவன் எத்துணை வலிமையோடு இழுத்தாலும் தேர் அசையுமா? ஊரார் ஒரே மூச்சில் இழுக்கும்பொழுதே அது நகரும்.

முகமறியாதவருடன் ஆடுகையில் நாவடக்கம் குறைகின்றது என்பது உண்மை. ஆட்டங்களை ஆக்குவோரும் இதனை உணர்ந்துள்ளனர். ‘பைனல் பான்டசி 14’ என்னும் ஆட்டத்தில் ஒரு போர் முடிந்ததும், அறிமுகமில்லாது சேர்ந்து ஆடியவர்களுள் ஒருவருக்கு நாம் பாராட்டு அளிக்கலாம். அது நன்றியின் அடையாளம். 2019இல் வந்த ‘ஏப்பெக்ஸ் லெஜன்ட்ஸ்’ என்னும் ஆட்டமோ, வாய் திறவாமலே ஒரு பொத்தானை அழுத்தி, “இங்கே பகைவன்”, “இங்கே மருந்து” என்று தோழருக்குக் குறி காட்ட வழி செய்தது. மொழி அறியாதவரும், பேசக் கூசுபவரும் அணியில் சமமாக நிற்க அஃது உதவிற்று.

அடுத்து வேடம் பூணும் ஆட்டம். பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட ‘போல்டர்ஸ் கேட் 3’ என்பதை நண்பர் மூவருடன் ஆடினோம். நால்வர் வரை கூடி ஆடக்கூடியது அது. முன்னர் சொன்ன மேசை விளையாட்டின் விதிகளே அதற்கு அடிப்படை. இருபது முகங்கொண்ட கட்டை ஒவ்வொரு முக்கிய செயலையும் தீர்மானிக்கும். கதையின் தொடக்கத்தில், வீடிழந்து வந்த அகதிகள் ஒரு சோலையில் ஒதுங்கியிருக்கின்றனர். அவர்களைக் காப்பதா, கொள்ளையருடன் சேர்ந்து அழிப்பதா என்பது ஆடுவோர் கையில் விடப்படுகின்றது. இது வெறும் ஆட்டந்தானே என்று ஒருவர் அழிவின் பக்கம் நிற்கலாம், தண்டிப்பார் எவருமில்லை. ஆயினும் எம் நால்வருக்குள்ளும் அன்றிரவு அதைப்பற்றி எழுந்த வாதம் நெடுநேரம் நீடித்தது. தண்டனை இல்லாத இடத்தில் ஒருவர் எதைத் தெரிகின்றார் என்பதிலேயே அவருடைய இயல்பு தெரிகின்றது.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2005ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ‘வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்’ ஆட்டத்தில் ஓர் அரக்கனின் நோய், ஆக்கியோர் எண்ணாத வகையில் நகரங்களுக்குள் பரவியது. சிலர் தம் ஆற்றலால் பிறரைக் குணப்படுத்த ஓடி வந்தனர். சிலர் ஓடி ஒளிந்தனர். சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். 2007இல் தொற்றுநோய் ஆய்வாளர் இருவர் இதனை மருத்துவ ஏடொன்றில் ஆராய்ந்து எழுதினர். வேடம் பொய், வேடத்துள் நின்ற மனிதர் மெய்.

இன்னும் ஒரு வரலாறு. நோர்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர், தசைகள் படிப்படியாக நலியும் கொடிய பிறவிநோயால், 2014இல் தமது இருபத்தைந்தாம் வயதில் காலமானார். இறுதி ஆண்டுகளைப் பெரும்பாலும் கணினி முன்னே கழித்தவர். நட்பும் காதலும் அறியாமலே மகன் போய்விட்டான் எனப் பெற்றோர் வருந்தினர். தந்தையார் மகனின் இணையக் குறிப்பேட்டில் மரணச் செய்தியைப் பதிந்தார். அதன்பின் வந்து குவிந்தன கடிதங்கள். ஆட்டத்தில் ‘இபெலின்’ என்னும் பெயரோடு நடமாடிய அம்மகன், எத்தனையோ பேரின் துயரைக் கேட்டிருந்தார்; ஒரு தாயும் மகனும் மனம் நெருங்க வழி சொல்லியிருந்தார். அவருடைய குழுத் தோழர் சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிக் கிரியைக்கு வந்து நின்றனர். 2024இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இக்கதையைச் சொல்கின்றது. அன்பான பெற்றோர், ஒரே வீடு. இருந்தும் மகனின் உலகம் அவர்களுக்குத் தெரிந்தது அவன் போனபின்னரே.

இவ்வளவும் சொன்னதனால் தீங்கு இல்லையென்று நாம் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 தொடக்கம் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாதலும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு கண்டும் விடாது தொடர்தல். மணிக்கணக்கை மாத்திரம் கொண்டு இதனைத் தீர்மானிப்பதில்லை என்பதைப் பெரியோர் கவனிக்க. அன்றியும், உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாத பரிசுப் பெட்டிகளைக் காசுக்கு விற்கும் வழக்கமும் உண்டு. அவற்றுட் சிலவற்றை பெல்ஜியம் 2018இல் சூதாட்டமெனவே கொண்டது. இளைஞர் இவ்விடத்தில் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் தொடங்குமுன்னரே எழும்பும் நேரத்தை உங்கள் தோழருக்குச் சொல்லிவிடுங்கள். நடுவில் விட்டோடுவதும் தவறு, விடிய விடிய இருப்பதும் தவறு. தோற்ற அணியிலும் ஒருவருக்காவது நன்றி சொல்லுங்கள். காயம் ஆற்றும் பணியை ஒருமுறையாவது ஏற்றுப் பாருங்கள். வீட்டிலே தினமும் அதே பணியைச் செய்பவர் யாரென்பது விளங்கும்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கதவைத் தட்டி “நிற்பாட்டு” என்று சொல்லுமுன், ஒருநாள் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருங்கள். “உன்னுடைய வேலை இதில் என்ன? உன்னோடு நிற்பவர் யார்?” என்று கேளுங்கள். பிள்ளை முதலில் திகைப்பான். பிறகு சொல்லத் தொடங்குவான். அவன் சொல்லும்போது, அஞ்சவேண்டியது எது, மகிழவேண்டியது எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.