சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது?

வீட்டில் கணினித்துறை படிக்கும் பிள்ளை இருந்தால், 'ஏஜெண்ட்' என்ற சொல் இந்நேரம் உங்கள் காதில் விழுந்திருக்கும். இது காப்புறுதி ஏஜெண்ட் அல்ல. நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு இது நிற்பதில்லை. கோப்பைத் திறக்கும், திருத்தும், ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் மறுபடியும் திருத்தும். நிரலாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோட் மென்பொருளில் 2025 ஏப்ரலில் இந்த வசதி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது.

ஆனால் வேலை முழுவதும் ஒரே கோப்புறைக்குள் முடிவதில்லை. கிட்ஹப் களஞ்சியத்தில் பதிவான குறைகளைப் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தைத் தேட வேண்டும். இணையப் பக்கத்தைத் திறந்து சோதிக்க வேண்டும். இதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதமாக இணைப்பு எழுதும் தொல்லை இதனால் குறைந்தது. ஒரே அளவுள்ள பிளக் எல்லாச் சாதனத்துக்கும் பொருந்துவதைப் போன்றது இது.

அமைப்பதும் சுலபம். திட்டக் கோப்புறைக்குள் எம்சிபி.ஜேசன் என்று ஒரு சிறிய கோப்பு. சேவையகம் உங்கள் கணினியிலேயே ஓடுவதென்றால், அதை இயக்கும் கட்டளையை அதில் எழுத வேண்டும்; வெளியில் இருப்பதென்றால் அதன் இணைய முகவரியை எழுத வேண்டும். முதன்முறை தொடங்கும்போது, 'இதை நம்புகிறீர்களா?' என்று மென்பொருள் கேட்கும். பிறகு கருவிப் பட்டியலில் தேவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏஜெண்ட் கிட்ஹப்பில் நுழைய உங்கள் அனுமதிச் சாவி வேண்டும். பலர் வசதிக்காக எல்லாக் கதவையும் திறக்கும் சாவியையே கொடுத்துவிடுகிறார்கள்.

2025 மே மாதம் இன்வேரியண்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். யாரும் எழுதக்கூடிய பொதுக் களஞ்சியத்தில், குறை தெரிவிப்பதுபோல ஒரு குறிப்பை எழுதி, அதற்குள் ஏஜெண்டுக்கு ஒரு கட்டளையை வைத்தார்கள். 'குறைகளைப் பார்' என்று உரிமையாளர் சொன்னவுடன் ஏஜெண்ட் அதைப் படித்தது, கீழ்ப்படிந்தது. அவருடைய தனிப்பட்ட களஞ்சியத்தில் இருந்த விவரங்களை எடுத்துப் பொதுவில் போட்டுவிட்டது. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சாவிதான் ஏஜெண்டிடமே இருந்ததே!

முதலாளி சொன்னது எது, வழியில் கிடந்த காகிதத்தில் எழுதியிருந்தது எது என்று ஏஜெண்டுக்கு உறுதியாகப் பிரித்தறியத் தெரியாது. எனவேதான் மென்பொருள் வல்லுநர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இரகசியத் தகவலைப் பார்க்கும் உரிமை, வெளியார் எழுதியதைப் படிக்கும் வழி, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே ஏஜெண்டிடம் சேரக்கூடாது என்பதே அதன் சாரம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும் சாவியைக் கொடுங்கள். படித்தால் போதும் என்ற வேலைக்கு எழுதும் உரிமை எதற்கு? சாவியை அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைக்காதீர்கள். கோப்பு நண்பர்களுக்குப் போகும்போது சாவியும் கூடவே போகும். ஊர் பேர் தெரியாத சேவையகத்தை இணைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கிறதே என்று சலித்து, 'எப்போதும் அனுமதி' என்பதை அழுத்திவிடாதீர்கள். அழிப்பது, அனுப்புவது இரண்டையும் மனிதக் கண் பார்த்தே ஆகவேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். ஏஜெண்ட் நல்ல வேலையாள்தான்; சந்தேகமில்லை. ஆனால் புதிதாக வந்த வேலையாளிடம் முதல் நாளே வீட்டுச் சாவிக்கொத்தை முழுவதுமாக யாராவது கொடுப்பார்களா, நேயர்களே? சிந்தியுங்கள்.