டிப்ளமோவுக்கு மேலே யார் போட்ட பூட்டு?



முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் கேட்கும் அறிவுரை இதுதான்: "பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிடு, மூன்றே வருடம், சீக்கிரம் வேலை." உண்மைதான். ரயில்வேயில் இளநிலைப் பொறியாளர் ஆவதற்கு டிப்ளமோ போதும். அதற்கு மேல்?

1973-இல் ஜம்மு காஷ்மீர் பொறியாளர்கள் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. டிப்ளமோ படித்தவர்களும் பட்டதாரிகளும் ஒரே உதவிப் பொறியாளர் பதவியில்தான் இருந்தார்கள். ஆனால் செயற்பொறியாளராகும் பதவி உயர்வு பட்டதாரிகளுக்கு மட்டுமே என்றது அரசு விதி. அது செல்லும் என்றது தீர்ப்பு. சொன்ன காரணம், நிர்வாகத் திறன். இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே சொல்!

கருவியைத் தொடுகிறவர் கீழே, வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மேலே என்பது சாதி கற்றுக்கொடுத்த கணக்கு. கைவேலை இழிவல்ல, ஒருவரை அதிலேயே நிறுத்திவைப்பதுதான் இழிவு.

டிப்ளமோ முடித்த தம்பி தங்கைகளே, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. விடாதீர்கள். அதற்கும் வசதியில்லாதவரின் பணி அனுபவத்துக்குப் பதவி உயர்வு கேட்டுப் போராடுவது நம் எல்லோருடைய வேலை.