தவறிய பிள்ளையும் நமது கடமையும்



பிள்ளையொருவன் களவெடுத்துப் பிடிபட்டால், "அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் வழக்கம். நமது நாட்டுச் சட்டமோ வேறு வழியைக் காட்டி நிற்கின்றது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளைகளுக்கெனத் தனி நீதிமன்றத்தை வகுத்தது. 1944இல் வந்த நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், சிறைக்குப் பதிலாக உத்தியோகத்தரின் மேற்பார்வையில் இருந்து திருந்த இடமளித்தது. நீதிமன்றம் விதித்த கசையடி 2005இல் ஒழிக்கப்பட்டது. 8 ஆக இருந்த குற்றப்பொறுப்பு வயது 2018இல் 12 ஆயிற்று; 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையின் பக்குவத்தை நீதவான் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றின் உட்பொருள் ஒன்றே. "என்ன செய்தான்?" என்பதோடு நில்லாது, "ஏன் செய்தான்?" என்றும் கேட்டல் வேண்டும். பசியா, கூடாநட்பா, வீட்டில் கவனிப்பாரின்மையா? காரணத்தைக் களையாது பிள்ளையைத் திருத்தல் இயலாது.

ஆயினும், சட்டம் நம் வாசல்வரைதான் வரும். திரும்பிவந்த பிள்ளையைப் பாடசாலை ஒதுக்கி, அயலவர் "கள்ளன்" என்று அழைப்பாராயின், நீதவான் செய்த நன்மை வீதியிலே வீணாகும். அவன் பழைய கூட்டாளிகளிடமே போய்ச் சேருவான்.

ஆகவே, இளைஞர்களே, அவன் கதையை ஊரிற் பரப்பாதிருப்போம். நமது மாலை வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் அவனுக்கு இடம் வைப்போம். பெரியோர்களே, அவன் தொழில் பழக ஒரு பட்டறையைத் தேடிக்கொடுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் துணைநில்லுங்கள்.

காற்றிலே சாய்ந்த வாழையை நாம் வெட்டுவதில்லை, முட்டுக்கொடுக்கின்றோம். பிள்ளைக்கும் அதனையே செய்வோமாக.