ஏரிக்குள் ஓர் ஊராட்சி

சுவீடன் தேசத்தார் 1862-ஆம் ஆண்டிலேயே ஸ்தல சுயாட்சிக்குச் சட்டம் செய்துகொண்டு, இன்று 290 நகராட்சிகளில் பள்ளிக்கூடம் முதல் முதியோர் பராமரிப்பு வரை தாமே வரி விதித்து நடத்திவருகிறார்கள் என்று மாணவர்களுக்குப் பூகோளப் பாடம் சொல்லும்போதெல்லாம், என் மனம் அந்தக் குளிர்ப் பிரதேசத்தை விட்டுப் பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு ஓடிவிடுகிறது.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக்கடலை மறித்து நிற்க, ஆரணியாறும் காளாங்கியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே சமுத்திரம் ஏறியிறங்க, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உப்பங்கழியாக விரிந்துகிடக்கிறது அந்த ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. இறாலுக்கோ இரு ராஜ்யமும் ஒன்றே.

ஒருமுறை மாணவர்களோடு சென்றிருந்தேன். இறால் நன்றாக ஓடுகிற பருவம். ஆயினும் பெரியவர் ஒருவர் படகைக் கட்டிவிட்டு, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து, கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு எங்க பாடு இல்லப்பா, நாளைக்குத்தான்" என்றார். "யார் போட்ட உத்தரவு, கலெக்டரா?" என்று ஒரு பையன் கேட்டான். "ஊரு" என்று சொல்லி, மறுபடியும் ஊசியைக் கோத்தார்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிரும் இந்தப் பாடு, எந்த அரசிதழிலும் பிறந்ததன்று. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி முறை சுற்றிவருவதே அதன் தர்மம். அதில் இடம்பெறாமல், பனையோலைப் பறியோடு கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் முதலானோரும் உண்டு. அவர்களுடைய குறையும் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

நேரம் நெருங்குகிறது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் தந்தது நீங்கள் அறிந்ததே. மணல் மேவி முகத்துவாரம் தூர்ந்தால் ஏரி வற்றி உவர்ப்பேறி, பாடும் பறியும் ஒருங்கே வெறுமையாகும். ஆகவே கரையோரத்து நேயர்களே, அக்டோபர் 2 அன்று கூடும் சபைக்கு அவசியம் சென்று, முகத்துவாரத்தைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதுவியுங்கள். பாடு உடையோரும் பறிக்காரப் பெண்களும் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்து அதில் கையெழுத்திடுவதைக் காண எனக்கு மிகுந்த ஆவல்.